சல்லடையாகும் சொற்கள்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயில்கள், ஒரு நகரத்தின் கதையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 120 ஆண்டுகள் பூமிக்கடியில் இறங்கிப் பொன் எடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று 100 கிலோமீட்டர் தொலைவுக்கு ரயிலில் சென்று வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகின்றனர். மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபோது அந்நகரத்தின் ஒரே பெரிய வாசல் அடைபட்டது. அதன்பின் பிறந்த தலைமுறைக்கு எஞ்சியிருக்கும் வாசல் கல்லூரி ஒன்றே. அந்த வாசலில் இப்போது ஒரு புதிய சல்லடை தொங்குகிறது. அதன் பெயர் சொல்லறிவு.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பட்டப்படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) 2022-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் இத்தேர்வில் பாடத் தேர்வுகளுடன் மொழித் தேர்வும் உண்டு. தமிழ், கன்னடம், ஆங்கிலம், ஹிந்தி உள்ளிட்ட 13 மொழிகளுள் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கலாம். மொழித் தேர்வின் பெரும்பகுதி பத்தியைப் படித்துப் பொருள் உணர்தல். எஞ்சியவை ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்தல், சிதறிய வாக்கியத்தை ஒழுங்குபடுத்தல் போன்றவை. 2025-ஆம் ஆண்டு முதல் 50 வினாக்களுக்கும் 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறானால் 1 மதிப்பெண் குறையும்.

அதாவது, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்திருப்பதற்கும் தவறாகக் குறிப்பதற்கும் இடையே 6 மதிப்பெண் வேறுபாடு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் முன்னணிக் கல்லூரிகளில் ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும் நிலையில், இந்த 6 மதிப்பெண் ஒரு மாணவரின் ஊரையே மாற்றிவிடும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் மாலை நேரத்தில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் மாணவிக்கும், தெற்கு தில்லியில் ஆங்கில நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த மாணவிக்கும் இத்தேர்வு ஒரே வினாத்தாளையே தருகிறது. ஆனால் இருவரிடமும் அது ஒரே வினாவைத்தான் கேட்கிறதா என்பது வேறு செய்தி.

சொல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர்

தங்கவயலைச் சொல்வளம் குன்றிய ஊர் என்று எவரேனும் கருதினால் அவர் அதன் வரலாற்றை அறியாதவர் ஆவார். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பிறகு, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கிராமத்தின் சாதிக் கட்டுப்பாட்டிலிருந்து விலகிவந்த அம்மக்கள் தங்கவயலில் எழுத்தையும் அச்சையும் இறுகப் பற்றிக்கொண்டனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907-இல் சென்னை ராயப்பேட்டையில் அவர் தொடங்கிய 'தமிழன்' வார இதழ், அவருடைய மறைவுக்குப் பிறகு 1920-களில் தங்கவயலிலிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்ததிலும் அவ்வூருக்குப் பெரும்பங்கு உண்டு. பகலில் பாறையை உடைத்தவர்கள் மாலையில் இதழ் படித்து வாதம் செய்த ஊர் அது.

1930-ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, சுரங்கமே நின்றுபோகும் அளவுக்கு அங்கே வேலைநிறுத்தம் நடைபெற்றது. தங்களைக் கையெழுத்திட அறியாத கூட்டமாக, கண்காணிக்கப்பட வேண்டிய விரல்களாக மட்டும் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. கல்வியைத் தன்மானத்தின் பகுதியாகக் கொண்ட மரபு அது. இன்று தேர்வு மையத்தின் வாசலில் விரலைப் பதித்துவிட்டு உள்ளே செல்லும் தங்கவயல் மாணவர்கள் அம்மரபின் வாரிசுகள்.

ஆங்கிலமும் அவ்வூருக்குப் புதிதன்று. ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் வாழ்ந்த அந்நகரத்தை 'குட்டி இங்கிலாந்து' என்று அழைப்பது வழக்கம். ஆனால் மன்ற வளாகத்தில் பேசப்பட்ட ஆங்கிலம் வேறு. சுரங்கத்துக்குள் இறங்கிய ஆங்கிலம் வேறு. தொழிலாளியின் வீட்டுக்குள் வந்த ஆங்கிலச் சொற்கள் ஷாப்ட், கேஜ், ஷிப்ட், ரீஃப் போன்ற தொழிற்சொற்கள். மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறை அழுத்தத்தால் வெடித்துச் சிதறும் 'ராக் பர்ஸ்ட்' என்னும் சொல்லின் பொருளை அங்குள்ள குடும்பங்களுக்கு எந்த அகராதியும் கற்பிக்க வேண்டியதில்லை. இழப்பே கற்பித்திருக்கிறது.

மூன்று மொழிகளுக்கு நடுவே

இந்நிலையில், இன்றைய தங்கவயல் மாணவரின் மொழிநிலையை ஆராய்வது தேவையாகிறது. வீட்டில் தமிழ். பள்ளியில் பயிற்று மொழி பெரும்பாலும் ஆங்கிலம். 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி, கர்நாடகத்தின் பள்ளிகள் அனைத்திலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பது கட்டாயம். மாநிலத்தின் ஆட்சிமொழியை அங்கு வாழும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. வேலையும் நிர்வாகமும் நீதிமன்றமும் கன்னடத்தில் இயங்கும் மாநிலத்தில் அதை அறியாமல் வாழ்வது தங்களையே ஒதுக்கிக்கொள்வதாகும். ஆனால் இந்த ஏற்பாட்டில் தாய்மொழி பல பள்ளிகளில் கால அட்டவணையிலிருந்து நழுவி, வீட்டுப் பேச்சாக மட்டும் எஞ்சிவிடுகிறது.

நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் இதன் விளைவு வெளிப்படுகிறது. எந்த மொழித் தேர்வை எழுதுவது? தமிழில் எழுதலாமென்றால், பேசத் தெரிந்த தமிழ் வேறு, தேர்வு கேட்கும் இலக்கியத் தமிழ் வேறு. 'ஞாலம்' என்பதற்கு ஒருபொருட் சொல் உலகம் என்பதைப் பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளை எங்ஙனம் அறியும்? கன்னடத்தில் எழுதலாமென்றால், பாடமாக மட்டும் படித்த மொழி அது; வீட்டில் புழங்காதது. ஆங்கிலத்தில் எழுதலாமென்றால், பாடநூலுக்கு வெளியே அம்மொழியில் ஒரு கதைப் புத்தகமும் படிக்காத நிலை. மூன்று மொழிகள் அறிந்த ஒருவர், எந்த மொழியிலும் முழு மதிப்பெண் பெற இயலாதவராக நிறுத்தப்படுகிறார். மூன்று மொழி அறிவு எந்த நாட்டிலும் செல்வமாகக் கருதப்படும்; இங்கு அது குறைபாடாக எண்ணப்படுகிறது.

பொன்னைக் கன்னடத்தில் 'ஹொன்னு' என்பர். பால் அங்கே 'ஹாலு', புலி 'ஹுலி'. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதைத் தங்கவயல் குழந்தை எந்த மொழிநூலும் படிக்காமலேயே உணர்ந்திருக்கிறது. சொற்களிடையே உறவு காண்பதுதான் சொல்லறிவின் அடிப்படை என்றால், அந்த அறிவு அக்குழந்தையிடம் நிறைந்திருக்கிறது. அதை அளக்கும் அளவுகோல்தான் தேர்வு முகமையிடம் இல்லை.

அரசியலிலும் இதே நிலை. பொது நுழைவுத் தேர்வைத் திரும்பப் பெறுமாறு தமிழகச் சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தின் அக்கறை தமிழகத்தின் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களைப் பற்றியது. கர்நாடகச் சட்டப்பேரவை 2024 ஜூலையில் நீட் தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கு மொழி குறித்து எழும் குரல் இயல்பாகவே கன்னடத்துக்கானது. எல்லைக்கு அப்பால் இருப்பதால் தமிழகத்தின் கணக்கிலும், மொழி வேறாக இருப்பதால் கர்நாடகத்தின் கணக்கிலும் தங்கவயல் மாணவர் வருவதில்லை. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு கூறுகிறது. அவர்களுடைய பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அதிகாரியை 350ஆ பிரிவு ஏற்படுத்துகிறது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் இவை. நுழைவுத் தேர்வு என்னும் புதிய களத்தில் இவ்வாக்குறுதிகளுக்கு என்ன பொருள் என்று நாடாளுமன்றத்தில் இதுவரை உரிய அளவில் விவாதிக்கப்படவில்லை.

படகுப் போட்டியும் தங்கப் பாறையும்

சொல்லறிவு வினா உண்மையில் எதை அளக்கிறது என்ற கேள்வி அமெரிக்காவில் பல ஆண்டுகளாக எழுப்பப்பட்ட ஒன்று. அங்கு 1926-இல் தொடங்கப்பட்ட சாட் தேர்வில் சொற்களின் உறவைக் கண்டறியும் வினாக்கள் இடம்பெற்று வந்தன. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, துடுப்பு வலிப்பவருக்கு எது அப்படி என்னும் பொருள்பட அமைந்த வினா ஒன்று மிகவும் பேசப்பட்டது. விடை, படகுப் போட்டியைக் குறிக்கும் 'ரெகட்டா'. ஏரிக்கரை மன்றங்களில் படகுப் போட்டி காணும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது வினாவே அன்று. நகரத்துச் சேரியில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளைக்கோ, உறவு புரிந்தாலும் சொல் தெரியாது. அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு அவ்வினா குடும்பத்தின் வசதியை அளந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட அதே மாதத்தில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன், அத்தேர்வை மாணவர் சேர்க்கைக்குக் கட்டாயமாக்குவதைக் கைவிட வேண்டுமென்று பகிரங்கமாகக் கோரினார். வசதியான பள்ளியொன்றில் 12 வயதுக் குழந்தைகள் இத்தகைய சொல்லுறவு வினாக்களுக்காகப் பயிற்றப்படுவதைக் கண்டது தம்மை உறுத்தியதாக அவர் கூறினார். அவர் கேட்டது மிகப்பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் சார்பில் என்பதால் தேர்வு நடத்துவோர் செவிசாய்க்க வேண்டியதாயிற்று. எதிர்ச்சொல் வினாக்கள் 1994-லேயே நீக்கப்பட்டிருந்தன. 2005-இல் சொல்லுறவு வினாக்கள் அகற்றப்பட்டன. 2016-இல் அரிய சொற்களைக் கேட்கும் முறையும் கைவிடப்பட்டு, பத்திக்குள் ஒரு சொல் எப்பொருளில் ஆளப்பட்டுள்ளது என்று கேட்கும் முறை வந்தது.

இம்மாற்றத்தின் நியாயத்தைத் தங்கவயலில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் துடுப்பைக் குறிக்கும் சொல்லும் தாதுவைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு. ஒலியில் இரண்டுமே 'ஓர்'தான். தங்கவயல் மாணவிக்குத் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த 'ஓர்' தாது. தேர்வு எதிர்பார்ப்பது துடுப்பாக இருக்கலாம். 'ரீஃப்' என்னும் சொல்லுக்கு அகராதி முதலில் தரும் பொருள் கடலடிப் பாறை அல்லது பவளத்திட்டு. கடலைக் காணாத சாம்பியன் ரீஃப் குடியிருப்பின் குழந்தைக்கோ அது பொன் ஓடும் பாறைப் படலம். இரண்டும் சரியான பொருள்களே. தனிச்சொல்லைக் கொடுத்து நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் அக்குழந்தை தவறக்கூடும். அச்சொல்லை ஒரு பத்திக்குள் வைத்து, இங்கு அதன் பொருள் யாது என்று கேட்டால், சிந்திக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் விடை கண்டுவிடும். முதல் வினா நினைவையும் சூழலையும் அளக்கிறது. இரண்டாவது, உணரும் ஆற்றலை அளக்கிறது. உயர்கல்விக்குத் தேவைப்படுவது இரண்டாவதே.

தில்லி கற்ற பாடங்கள்

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் புதிதன்று. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2011-இல் திறனறித் தாள் அறிமுகப்படுத்தப்பட்டபோது, அதில் ஆங்கிலப் பத்தி உணர்தல் வினாக்கள் சேர்க்கப்பட்டன. கிராமப்புற மாணவர்களும் ஹிந்தி மற்றும் பிற மொழிவழி மாணவர்களும் பாதிக்கப்படுவதாகக் கூறி 2014-இல் தில்லியின் முகர்ஜி நகரில் போராட்டம் வெடித்தது. உருக்காலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், ஹிந்தி வினாத்தாளில் இரும்புச் செடியாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஆங்கில வினாக்களின் மதிப்பெண் தரவரிசைக்குக் கணக்கிடப்படாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2015 முதல் அத்தாள் முழுவதும் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்ற தகுதித் தாளாக மாற்றப்பட்டது. ஹிந்தி பேசும் மாநிலங்களின் மாணவர்கள் தலைநகரின் தெருவில் இறங்கியதால் தீர்வு சில வாரங்களில் கிடைத்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழ் மாணவர்களின் அனுபவம் வேறுவிதமாக அமைந்தது. 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை, 'சீத்தா' ஆகியிருந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை முதலில் நிறுத்திவைத்து, பின்னர் ரத்து செய்தது. கருணை மதிப்பெண் அனைவருக்கும் ஒரே சீராக வழங்குவது முறையாகாது என்பதில் சட்ட நியாயம் இருக்கலாம். எனினும், பிழை செய்த அமைப்புக்கு இழப்பில்லை. பிழையான வினாவைப் படித்த மாணவருக்கே இழப்பு என்ற முடிவைத்தான் அவ்வழக்கு விட்டுச்சென்றது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற விதி, ஆங்கிலம் அறியாதவரிடம் ஆங்கிலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மாற்றம் இயலாதது அன்று என்பதற்கும் சான்று உண்டு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பொதுச் சேர்க்கைத் தேர்வான கிளாட், தனிச்சொற்களையும் பொது அறிவுத் துணுக்குகளையும் கேட்கும் முறையிலிருந்து விலகி, 2020 முதல் பத்திகளை அடிப்படையாகக் கொண்டதாக மாற்றப்பட்டது. எனினும் அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுவதை எதிர்த்து 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. பிற மொழிகளிலும் தேர்வு நடத்துவதை இந்திய வழக்குரைஞர் கழகம் ஆதரித்தது. பெங்களூரிலுள்ள தேசியச் சட்டக் கல்விக்கூடம் தங்கவயலிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஆனால் சொல்லால் அளந்தால் அத்தொலைவு மிக நீண்டது.

எதிர்வாதங்கள்

இதற்கு மறுப்பாகக் கூறப்படுபவற்றையும் புறக்கணிக்க இயலாது. நுழைவுத் தேர்வு இல்லாத காலத்தில் நிலைமை நியாயமாக இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகள் 100 விழுக்காடு மதிப்பெண்ணைக் குறைந்தபட்சத் தகுதியாக அறிவித்தன. தாராளமாக மதிப்பெண் வழங்கும் கல்வி வாரியங்களின் மாணவர்கள் அதனால் பயனடைந்தனர். கர்நாடக வாரியத்தில் 92 விழுக்காடு பெற்ற மாணவருக்கு அன்று தில்லியில் இடமே இல்லை. அந்த வகையில் பொதுத் தேர்வு ஒரு கதவைத் திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் கதவைத் திறந்தவர்களே அதன் படியை உயர்த்திக் கட்டலாகாது.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறும்போது ஆங்கிலச் சொல்லறிவைச் சோதிப்பதில் தவறென்ன என்பது மற்றொரு வாதம். தவறில்லை. ஆனால் வரலாறும் பொருளாதாரமும் பயில வருபவருக்குத் தேவையான சொல்லறிவு, வாதத்தைத் தொடர்ந்து படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு. அகராதியின் மூலையில் கிடக்கும் அரிய சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறும் அறிவு அன்று. அதைப் பயிற்சி மையங்கள் விற்கின்றன. வாங்க இயன்றவர்கள் வாங்குகின்றனர். பெங்களூரில் அத்தகைய மையங்களுக்குப் பஞ்சமில்லை. நாள்கூலிக்கு ரயிலேறும் பெற்றோரால் அங்கு கட்டணம் செலுத்த இயலுமா என்பதே கேள்வி.

மாணவர் செய்யக் கூடியது

கொள்கை மாறும்வரை தேர்வு காத்திராது. ஆகவே இப்போதைய முறைக்குள்ளேயே மாணவர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. ஆயிரம் சொற்களின் பட்டியலை வாங்கி, நாளொன்றுக்கு ஐம்பதாக மனப்பாடம் செய்யும் முறையே எங்கும் கையாளப்படுகிறது. அதனால் பயன் குறைவு. வாக்கியத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சொல் மண்ணிலிருந்து பிடுங்கிய நாற்றைப் போன்றது. ஒரு வாரத்தில் வாடிவிடும். நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதில் தெரியாத சொற்களுள் ஐந்தை மட்டும், அவை இடம்பெற்ற வாக்கியத்துடன் குறிப்பேட்டில் எழுதி, மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு வாரம் கழித்தும் திரும்பப் பார்ப்பது நற்பயன் தரும். ஓராண்டில் இது ஏறத்தாழ 1,800 சொற்கள். எந்தப் பயிற்சி மையமும் இதைவிடக் கூடுதலாக நினைவில் நிறுத்தித் தந்துவிட முடியாது.

சொல்லின் வேரை அறிவதும் பயன் தரும். தமிழில் ஓர் அடிச்சொல்லிலிருந்து பல சொற்கள் கிளைப்பதை அறிந்தவர்க்கு, ஆங்கிலத்தின் லத்தீன், கிரேக்க வேர்களும் முன்னொட்டுகளும் அவ்வாறே இயங்குவதை உணர்வது எளிது. ஓரிரு நூறு வேர்களை அறிந்தால் பல ஆயிரம் சொற்களின் பொருளை அண்மித்து ஊகிக்கலாம்.

மதிப்பெண் கணக்கையும் மாணவர் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு விடைகளுள் எதுவும் தெரியாமல் குறித்தால்கூடச் சராசரியாக அரை மதிப்பெண் ஆதாயம் உண்டு. இரண்டைத் தவறென்று விலக்க முடிந்தால் சராசரி ஆதாயம் 2 மதிப்பெண்ணாக உயரும். ஆகவே தெரியாத சொல்லைக் கண்டு அஞ்சி விட்டுவிடுவதைவிட, பொருந்தாதவற்றை விலக்கிவிட்டுத் துணிந்து விடை குறிப்பதே அறிவுடைமை. பயிற்சி மையத்துக்குச் செல்லும் மாணவர் முதல் வாரத்திலேயே இதை அறிந்துகொள்கிறார். செல்லாதவர் அச்சத்தால் விடைகளை விட்டுவிடுகிறார்.

தமிழ் மொழித் தேர்வும் ஒரு வழியாக இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலாத பாடத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 2025-இல் விதி தளர்த்தப்பட்டது. எனினும் எந்தப் படிப்புக்கு எந்த மொழி ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்வதால், ஒவ்வொன்றின் விதியையும் படித்துப் பார்ப்பது அவசியம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் பயிலும் தலைநகர்ப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தங்கவயல் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டுமாயின், அங்கு தமிழ் படிக்கவும் எழுதவும் கற்பிக்கப்பட வேண்டும். கர்நாடகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குரிய மொழிப்பாடங்களுள் தமிழும் ஒன்று. பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. விரிவுரையாளரும் வகுப்பறையும் இருக்க வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியது

மத்தியக் கல்வி அமைச்சகமும் தேசியத் தேர்வு முகமையும் மூன்றைச் செய்யலாம். முதலாவது, மொழித் தேர்வில் தனிச்சொல் வினாக்களை அறவே நீக்கி, சொல்லறிவைப் பத்திக்குள் வைத்துக் கேட்பது. இரண்டாவது, முந்தைய ஆண்டுகளின் வினாக்களை விடை விளக்கத்துடன் 13 மொழிகளிலும் இலவசமாக வெளியிடுவது. மூன்றாவது, எப்பகுதி வினாக்களில் எவ்வகைப் பள்ளி, எவ்வகை மொழிப் பின்னணி கொண்ட மாணவர்கள் பின்தங்குகின்றனர் என்ற ஆய்வை ஆண்டுதோறும் வெளியிடுவது. லட்சக்கணக்கானோரின் விடைகள் கணினியில் இருக்கும்போது இது கடினமான பணியன்று. மறைக்க வேண்டியதும் அன்று.

கர்நாடக அரசு, கன்னடத்தைக் கற்பிக்கும் அதே அக்கறையுடன், தங்கவயல் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தாய்மொழியையும் ஒரு பாடமாகக் காக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தாய்மொழியில் உறுதியாகக் காலூன்றிய குழந்தை கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் விரைவில் கற்றுக்கொள்ளும். ராபர்ட்சன்பேட்டையில் நல்ல நூலகம் ஒன்று இரவு ஒன்பது மணிவரை திறந்திருந்தால், அது எத்தனையோ பயிற்சி மையங்களுக்கு ஈடாகும். தமிழகத்தின் கட்சிகளுக்கும் இதில் கடமை உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள தமிழர்களைத் திரைப்படம் வெளியாகும் வாரத்தில் மட்டும் நினைவுகூர்ந்தால் போதாது. அவர்களுடைய பிள்ளைகள் எழுதும் தேர்வின் விதிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியேனும் எழுப்ப வேண்டும்.

தங்கவயல் மண்ணிலிருந்து சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அந்தப் பொன்னைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க நொறுக்கி, அரைத்து, சயனைடில் கரைக்க வேண்டியிருந்தது. ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்தான் இருக்கும் என்றாலும் அதை விட்டுவிட எந்த நிறுவனமும் எண்ணியதில்லை. எத்தனை ஆழமானாலும் இறங்கி எடுத்தது. எஞ்சிய கழிவு மணல் இன்றும் அந்நகரத்தைச் சுற்றி மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. பொன்னுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை அதே ஊரின் பிள்ளைகளுக்குக் காட்ட நாடு கடமைப்பட்டிருக்கிறது. கையிலுள்ள சல்லடை பொன்னையும் சேர்த்துக் கழிவு மேட்டில் கொட்டுமானால், மாற்றப்பட வேண்டியது சல்லடைதான்.